போற வழிதான்

ஜனவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என் வாய்தான் குறையவில்லை என்கிறாள். உங்கள் தோள்பட்டைப் பிடிப்பு எப்படி இருக்கிறது? அண்ணன் இன்னும் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிறாரா?

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். நான் "என்ன பண்ணலாம் அண்ணி?" என்றால் நீங்கள் "உனக்கு என்ன தோணுது?" என்பீர்கள். இத்தனை வருடம் இளைஞர்களோடு வேலை பார்த்து வந்த வியாதி அது. கடிதத்தில் அப்படித் திருப்பிக் கேட்டால் பதிலுக்கு நான் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தப் பாவத்துக்கு நீங்கள் பயப்படுவீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

எங்கள் படிப்பறையையும் சேர்த்து இந்த ஊரில் இளைஞர்களுக்காக நாலு அமைப்புகள், ஊரின் நாலு மூலையில். "எங்க பசங்களை அவங்க இழுத்துக்கிட்டாங்க" என்று ஒவ்வொருவரும் மற்ற மூவரைப் பற்றிச் சொல்வார்கள். நாலு பேரும் மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் அறையில் உட்கார்ந்து அவரவர் அனுபவத்தைப் பேசினால் என்ன என்று எங்கள் மேலாளரிடம் கேட்டேன். "மூணு தடவை கூடிப் பாருங்க. உருப்படியா ஏதாவது வந்தா தொடரலாம். இல்லேன்னா சனிக்கிழமை அந்த அறையை யோகா வகுப்புக்குக் கொடுத்துடுவேன்" என்றார்.

நேற்று முதல் கூட்டம். மண்ணைக் கவ்வினேன்.

வந்தவர்களைச் சொல்கிறேன். விளையாட்டு மைதானத்துப் பயிற்சியாளர், கழுத்தில் விசிலோடுதான் தூங்குவார்போல. அவருக்கு 'விசில்' என்று பெயர் வைத்திருக்கிறேன். இசைக்கூடத்துக்காரர் எந்த மேசை கிடைத்தாலும் தட்டுவார், அவர் 'தாளம்'. வேலைப் பயிற்சி மையத்து அக்கா, டீ கொண்டுவந்தவரிடம்கூட "பயோடேட்டா இருக்கா தம்பி?" என்று கேட்டார்; பெயர் உங்களுக்கே புரிந்திருக்கும்.

நாலு பேரும் உள்ளே வந்ததும் பழக்க தோஷத்தில் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டோம். ஆளுக்கொரு வட்டம். அதைச் சரிசெய்து உட்கார்ந்தால், "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்றார் விசில். "நீங்க சொல்லுங்களேன், உங்களுக்கு எப்படிப் போகுது?" என்றார் பயோடேட்டா அக்கா. "இந்தக் கேள்வியைக் கேக்கும்போது உங்க மனசுல என்ன ஓடுது?" என்றார் தாளம். நான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டேன். கேட்பதற்கு நாலு பேர் இருந்தோம் அண்ணி, சொல்வதற்கு ஓர் ஆள் இல்லை. டீ தீர்ந்ததும் "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் இளைஞர் மன்றத்தில் பக்கத்து அமைப்புக்காரர்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் போடாவிட்டால் நேரில் வந்துவிடுவேன் என்று மிரட்டும்,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 17

என் அருமை வாயாடிக்கு,

நாங்கள் சுகம். தோள்பட்டை தன் இருப்பைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடத்தை நிறுத்த வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் உன் அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். நாலு முடிதிருத்துபவர்கள் ஒரு கடையில் மாட்டிக்கொண்டால் யார் நாற்காலியில் உட்காருவது? அதுதான் நடந்திருக்கிறது.

அடுத்த முறை "எப்படிப் போகிறது" என்று கேட்காதே. ஒவ்வொருவரும் தன்னிடம் வரும் யாராவது ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்லட்டும். பெயர் மட்டும் வேண்டாம். நம்மை நம்பிச் சொன்ன பிள்ளைகளின் பெயர் வாசல் தாண்டக் கூடாது. செல்லப்பெயர் வைத்துப் பேசுங்கள். கைக்கும் ஏதாவது வேலை கொடு. பழைய புத்தகங்களுக்கு அட்டை போடச் சொல். கை ஓடினால் வாய் திறக்கும்.

இன்று மத்தியானம் ஜன்னல் திரைகளையெல்லாம் துவைத்துப் போட்டேன். வீடு வெளிச்சமாக இருக்கிறது.

தைரியத்தை விட்டுவிடாதே.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மா ஒத்தடம் கொடுக்கிறாள், கொடுக்கும்போதே எழுந்து நடக்கவும் செய்கிறாள். எனக்கு ஜலதோஷம், மற்றபடி கல்லுக்குண்டு.

அட்டை போடச் சொன்ன யோசனை பலித்தது. வாய் திறந்தது, மூடத்தான் வழியில்லை! விசிலிடம் ஒரு 'கோல்கீப்பர்' இருக்கிறாளாம், ஆட்டம் முடிந்ததும் பந்து மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் காவலாளி வீட்டில் சேர்ப்பாளாம். "அப்படியொரு பொண்ணை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க" என்று மார்தட்டினார். உடனே தாளத்துக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் வாசிக்க வரும் 'டிரம்' ஒரு தடவை கேட்டால் போதுமாம், தாளம் பிசகாதாம். பயோடேட்டா அக்காவின் 'டீச்சரம்மா' புதிதாக வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறாளாம். நானும் விடவில்லை. படிப்பறையைத் திறக்கும் முன்பே வந்து நிற்கும் எங்கள் 'முதல் ஆள்' பற்றி அளந்து தள்ளினேன். யாருடைய தங்கம் அதிகம் மின்னுகிறது என்பதில் அடிதடி வராததுதான் பாக்கி.

இதில் யார் யாரிடம் என்ன கற்றோம்? ஒன்றுமில்லை. மேலாளர் கதவோரம் வந்து யோகாப் பாய் எத்தனை விரிக்கலாம் என்று கண்ணாலேயே அளந்துவிட்டுப் போனார். பாக்கி இருப்பது ஒரே ஒரு கூட்டம்.

உங்கள் மன்றத்தைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு வரிகூட எழுதவில்லையே? திரைச்சீலைக்கு மட்டும் இரண்டு வரி!

மூக்கைச் சிந்திக்கொண்டே,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 24

அன்புள்ள நாத்தனாருக்கு,

ஜலதோஷத்தோடு அலையாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

பெருமை பேசினால் பேசட்டும், அதுவும் ஒரு பசி. அது அடங்கியபிறகு இதைக் கேட்டுப் பார்: அந்தத் தங்கத்திடம் உங்களுக்குப் புரியாத விஷயம் என்ன? புரிந்ததைச் சொல்கிறவர் தன்னைப் பற்றிச் சொல்கிறார். புரியாததைச் சொல்லும்போதுதான் அந்தப் பிள்ளை அறைக்குள் வரும்.

இங்கே எல்லாம் வழக்கம்போல.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம் விசாரிக்கப் பொறுமையில்லை, மன்னியுங்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் இப்போதுதான் போனார்கள்.

நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். விசில் யோசித்துவிட்டு, "ஷூ நனைஞ்சிருந்தா வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயவைன்னு சொல்வேன். இங்கேயே காயட்டும் சார்ங்கிறா. அது ஏன்னு புரியல" என்றார். பயோடேட்டா அக்கா, "டீச்சரம்மா எல்லாத்தையும் அழகா எழுதுவா. விலாசம்னு வந்தா மட்டும் அப்புறம் எழுதறேன்க்கா, அப்படிம்பா" என்றார். தாளம், "எங்க 'டிரம்' வாசிக்கிற இடத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து வைக்கும். ஒரு மணி நேர வாசிப்புக்கு அவ்வளவு பெரிய பை எதுக்கு?" என்றார்.

என் முறை வந்தது. "எனக்குப் புரியாததுன்னு பெரிசா ஒண்ணுமில்ல. பாலத்துக்குப் பக்கத்துல ஒருத்தருக்குப் புத்தகம் அனுப்பணும்னு சொன்னேன். கொடுங்கக்கா, எனக்குப் போற வழிதான்னு வாங்கிட்டுப் போனா. ஆனா அதுக்கு முந்தின வாரம் ஸ்டேஷனுக்கு ஒரு கட்டு அனுப்பினப்பவும் போற வழிதான்னா. ரெண்டும் ரெண்டு திசை" என்றேன்.

தாளத்தின் விரல் மேசையில் அப்படியே நின்றது.

"என்ன சொன்னா?" என்றார் விசில்.

"போற வழிதான்னு."

"எங்க பொண்ணும் அதையேதான் சொல்லும். பந்து மூட்டையைத் தூக்கும்போது. போற வழிதான் சார், போற வழிதான் சார்னு."

பயோடேட்டா அக்கா எழுந்தே விட்டார். அவருடைய டீச்சரம்மாவும் அதே வார்த்தை. டிரம்மும் அதே வார்த்தை. இடது புருவத்தில் சின்னத் தழும்பா என்று ஒருவர் கேட்க, மூன்று பேர் ஆமாம் என்றோம். பெயரை மறைத்து மறைத்து, இரண்டு கூட்டமாக நாலு பேரும் ஒரே பெண்ணைப் பற்றித்தான் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்! சிரித்தோம் அண்ணி, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பிறகு விசில் கரும்பலகையில் எங்கள் நாலு இடத்தையும் நாலு மூலையில் புள்ளி வைத்துவிட்டு, சாக்பீஸும் கையுமாக நின்றார். எந்தப் பக்கம் போனாலும் வழியில் இருக்கிற வீட்டை எங்கே வைப்பது? எங்கேயும் வைக்க முடியவில்லை. பயோடேட்டா அக்காதான் சன்னமாகச் சொன்னார்: "வீடே இல்லையோ?"

நனைந்த ஷூ, காலி விலாசம், பெரிய பை, திறக்கும் முன்பே வாசலில் நிற்பது. ஆளுக்கொரு துண்டு எங்களிடம் இருந்திருக்கிறது. பத்தொன்பது வயதுப் பெண் எங்கே தூங்குகிறாள் என்று நாலு அமைப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எப்படிப் பேசுவது அவளிடம்? என்ன கேட்பது? உடனே எழுதுங்கள். போனில் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமா? உண்மையாகவே கேட்கிறேன். உங்களிடமிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை.

காத்திருந்து பார்த்துவிட்டு நாங்களே போனோம். நாலு பேரும் படிப்பறை வாசலில் நின்றோம். அவள் பையோடு வந்தாள். நாலு முகத்தையும் ஒரே இடத்தில் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று. "உனக்கு எங்கம்மா வீடு?" என்று விசில் கேட்டார், பாவம், மெதுவாகத்தான் கேட்டார்.

"நாலு பேரும் சேர்ந்து என்னைப் பத்திப் பேசினீங்களா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"ஒவ்வொரு இடத்துலயும் நான் ஒரு ஆளா இருந்தேன். ஒரு இடத்துல கோல்கீப்பர், ஒரு இடத்துல டீச்சர். இப்ப நாலு இடத்துலயும் நான் வீடில்லாதவ. அவ்வளவுதானே?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு இடத்துக்கும் வரவில்லை. காலையில் கதவைத் திறக்கும்போது வாசலில் யாரும் நிற்பதில்லை. விசில் ஒரு வாரமாக விசில் ஊதவில்லை. நல்லது செய்யப்போய் இருந்த நாலு இடத்தையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டோம். எனக்கு அழுகையாக வருகிறது.

மேலாளர் கோபித்துக்கொள்ளவில்லை. ஏப்ரலில் ஒரு தடவை கூடிக்கொள்ளுங்கள், அதோடு போதும் என்றார்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 28

அன்புள்ள நாத்தனாருக்கு,

தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் சௌக்கியம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று: நாலு பேராகப் போய் நிற்காதீர்கள். உதவி செய்கிறவளாகவே எல்லா இடத்திலும் தலைநிமிர்ந்து நிற்கிறவள் அவள். அந்த இடத்தைத் தட்டிவிடாதீர்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். யாரோடு பேசுவது என்று அவளே முடிவு செய்யட்டும். வீடு எங்கே என்று கேட்க வேண்டாம். நீங்கள் இப்படிக் கூடுகிறீர்கள் என்பதை அவளிடம் முதலில் சொல்லுங்கள்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். ஒரே அறையில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு பெண்ணைப் பற்றி யோசித்த அந்த இடத்தை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று பார்த்துக் கையசைத்திருக்கும். நீங்கள் செய்யாதே என்று எழுதியதை நாங்கள் ஏற்கெனவே கச்சிதமாகச் செய்து முடித்திருந்தோம். அம்மா சுகம். நான் இன்றைக்குச் சுகமோ சுகம். ஏனென்று கேளுங்கள்.

நேற்று கடைசிக் கூட்டம். நாற்காலியை வட்டமாகப் போடக்கூட யாருக்கும் தெம்பில்லை. போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. அவள்! பையோடு உள்ளே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ரெண்டு வாரமா யோசிச்சேன்" என்றாள். "நாலு பேர் உக்காந்து என்னைப் பத்தி யோசிச்சீங்கங்கிறது கோவமாவும் இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு. இனிமே என்னைப் பத்திப் பேசறதா இருந்தா, நான் இருக்கும்போது பேசுங்க."

"சரிம்மா" என்றார் விசில். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்று பொய் சொன்னார்.

அவள் சொன்னதைச் சொல்லலாமா என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எந்த ஊரோ, உங்க அண்ணிதானே, எழுதுங்க" என்றாள். மருந்துக் கிடங்கில் மத்தியான நேரத்தில் பெட்டி அடுக்குகிறாள். அறையைப் பகிர்ந்துகொண்ட தோழிக்குக் கல்யாணம் ஆனதும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு வந்தவர்கள் தங்கும் கூடத்தில் படுத்துக்கொள்கிறாள். பையோடு உட்கார்ந்திருப்பவர்களை அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லையாம். வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் இடம் இருக்கிறது, வாடகை கொடுக்கவும் முடியும். ஆனால் இந்த ஊரில் பொறுப்பேற்க ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். "யாரைக் கேக்கறது? ஒருத்தரைக் கேட்டா அவங்க முன்னாடி நான் வேற ஆளாயிடுவேனே" என்றாள்.

எல்லோருமாக நேரே விடுதிக்குப் போனோம். "பொறுப்பாளர் யாரு?" என்று காப்பாளர் அம்மாள் நிமிராமலே கேட்டார். நாலு கை உயர்ந்தன. நிமிர்ந்தார். "ஒரு கையெழுத்துக்குத்தான் இடம் இருக்கு" என்றார். "குட்டியா போடறோம்மா" என்றார் தாளம். நாலு கையெழுத்தும் எறும்புபோல அந்த ஒரு கட்டத்துக்குள் உட்கார்ந்தன. நேற்றிரவு அவள் அங்கேதான் தூங்கினாள். இன்று காலை படிப்பறையைத் திறக்க நான் போனபோது வாசலில் அவள் இல்லை. பத்து மணிக்குத் தலை குளித்து, கையை வீசிக்கொண்டு வந்தாள். அவ்வளவு தாமதமாக ஒருவர் வந்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மேலாளரிடம் அவளே போய்ப் பேசினாள். யோகா வகுப்பு ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது!

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் எனக்கு, மன்றத்தில் இருக்க வேண்டிய மத்தியானத்தில் திரை துவைத்த கதை எழுதினீர்கள். அம்மாவிடம் போனில் "லீவு மிச்சம் இருந்துச்சு அத்தை" என்றீர்கள். அண்ணன் என்னிடம் "அவ வீட்டுலேர்ந்தே வேலை பாக்கறா" என்றார். மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஒன்றோடொன்று பொருந்தாமல், வீட்டை எங்கேயும் வைக்க முடியாத விசிலின் படம் மாதிரிதான் இருக்கிறது. அம்மாவும் நானும் அதற்கு மேல் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. உங்களைப் பற்றிப் பேசுவதென்றால் உங்களிடமே பேச வேண்டும் என்று நேற்றுதான் ஒருத்தி கற்றுக்கொடுத்தாள்.

வேலையை விட்டுவிட்டீர்களா அண்ணி?

"உனக்கு என்ன தோணுது?" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 19

என் அருமை வாயாடிக்கு,

தோள்பட்டை உட்பட எல்லோரும் சுகம். அத்தையிடம் பொய் சொன்னதற்கு நானே போனில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "எனக்கு முன்னாலேயே தெரியும்" என்றார். உன் வீட்டில் எல்லோருமே துப்பறிகிறீர்கள்.

ஆமாம். டிசம்பரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை, அதனால்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. மன்றத்தில் எத்தனையோ பிள்ளைகள் மனசைக் கொட்டிவிட்டுப் போவார்கள். கதவைப் பூட்டிவிட்டு நான் யாரிடம் கொட்டுவது? ஒரு நாள் அதைத் திறக்கக் கை வரவில்லை. மன்றத் தலைவரிடம் சொன்னேன். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். மன்றம் அன்றிலிருந்து பூட்டித்தான் கிடக்கிறது. மே மாதம் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தேன். பக்கத்து அமைப்புக்காரர்களை எப்படிச் சமாளிக்கிறேன் என்று முதல் கடிதத்திலேயே கேட்டாய். ஒருவரோடும் நான் பேசியதே இல்லை, அதுதான் பதில். உனக்கு அள்ளிவிட்ட யோசனைகளெல்லாம் எனக்கு யாராவது செய்ய மாட்டார்களா என்று நான் நினைத்தவை.

உன் கடிதம் வந்த மறுநாள் அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பெண் இளைஞர்களுக்கு சைக்கிள் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறாள். இத்தனை வருடம் அந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவை நின்றதில்லை. கையெல்லாம் கிரீஸோடு எழுந்து வந்தாள். "உங்க மன்றத்துப் பசங்க உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காங்க. வந்து பேசலாம்னு பல தடவை நினைச்சேன், பயமா இருந்துச்சு" என்றாள். என்னைப் பார்த்துப் பயமாம்! ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். இருட்டும் வரை பேசினோம், கேள்விக்குக் கேள்வி இல்லாமல்.

மே மாதக் கூட்டத்துக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். இரண்டு நாற்காலி கூடுதலாகப் போடு. அந்தப் பெண்ணிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கிக்கொள். அவள் வேண்டாம் என்றால் வெளியே நின்று டீ குடித்துவிட்டுப் போகிறோம்.

உன் அண்ணன் ரயில் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு ராத்திரியும் அரை பகலும் ரயில்ல. அங்க ரெண்டு மணி நேரம் உக்காந்து பேச இவ்வளவு தூரமா?" என்றார்.

"போற வழிதான்" என்றேன்.

எங்கே போகிற வழி என்று அவர் கேட்கவில்லை, திருப்பிக் கொடுக்க வைத்திருந்த மன்றத்துச் சாவியை நான் மறுபடி என் கைப்பைக்குள் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன்னைச் சீக்கிரம் பார்க்கப்போகிற,
அண்ணி